புது ஸ்பீக்கர் ஜோடி: பழகட்டும் என்று காத்திருப்பதா, திருப்பிக் கொடுப்பதா?

மாலைக்கச்சேரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாக ஹெட்ஃபோனில் மட்டுமே பாட்டுக் கேட்டு வந்த நான், வீட்டில் ஓர் அறையை இசைக்கென்றே ஒதுக்கி, முதன்முறையாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறேன். அறை 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். தரையில் விரிப்பு எதுவும் இல்லை. ஒரு பக்கச் சுவரில் மட்டும் புத்தக அலமாரி இருக்கிறது. ஸ்பீக்கர் ஸ்டாண்டில் வைக்கும் வகை: தாழ் ஒலிக்கு ஆறரை அங்குல வூஃபர், மேல் ஒலிக்கு ஓர் அங்குலத் துணி ட்வீட்டர், பெட்டியின் பின்பக்கத்தில் போர்ட் எனும் காற்றுக் குழாய், 8 ஓம், 86 டெசிபல் சென்சிட்டிவிட்டி. ஆம்ப்ளிஃபயர் சேனலுக்கு 50 வாட்.

கடையில் கேட்டபோது பாடுபவர் நம் எதிரே அமர்ந்திருப்பது போலவே இருந்தது. அதை நம்பித்தான் வாங்கினேன். வீட்டில் அப்படி இல்லை. மிருதங்கத் தனியில் தொப்பியின் (இடப்பக்கத் தாழ்ந்த முகம்) ஒரு குறிப்பிட்ட அடி மட்டும் அறை முழுவதும் பொங்கி எழுந்து, அடுத்த சொல் விழுந்த பிறகும் அடங்காமல் முனகிக்கொண்டிருக்கிறது. அதே பதிவில் ஆண் குரலோ நெஞ்சிலிருந்து வராமல் தொண்டையிலிருந்து மட்டும் வருவது போல மெலிந்து ஒலிக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் மேல் ஸ்தாயி காதைக் குத்துகிறது.

இரண்டு ஸ்பீக்கர்களையும் 11 அடிச் சுவரின் பக்கம் வைத்திருக்கிறேன். அவற்றின் முகம் அந்தச் சுவரிலிருந்து 2 அடி முன்னே இருக்கிறது. பக்கச் சுவர்களிலிருந்தும் 2 அடிதான். என் நாற்காலி எதிர்ச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது.

விற்றவரிடம் சொன்னபோது, 100 மணி நேரம் ஓடினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். திருப்பிக் கொடுக்க 14 நாள் அவகாசம். 5 நாள் போய்விட்டது. இதுவரை 6 மணி நேரம்தான் ஓடியிருக்கும். நாளுக்கு 2 மணி நேரம் கேட்கும் நான் 100 மணி நேரத்தை எட்டுவதற்குள் அவகாசம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். பிரேக்-இன், அதாவது புது ஸ்பீக்கர் ஓடி ஓடிப் பழகுவது, உண்மையிலேயே இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தருமா? அல்லது இதைக் கொடுத்துவிட்டு, அதே வரிசையில் தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கரை வாங்குவது நல்லதா?

மரத்தூள் எழுதியது:

வணக்கம் நண்பரே. ஓய்வு நேரத்தில் ஸ்பீக்கர் பெட்டி செய்பவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பிரேக்-இன் கட்டுக்கதை அல்ல. ஆனால் அது ஸ்பீக்கரின் எந்தப் பாகத்தில் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

வூஃபரின் கூம்பை இரண்டு இடங்களில் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். வெளிவிளிம்பில் இருப்பது ரப்பர் வளையம். உள்ளே, கூம்பை அசைக்கும் செம்புக் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலைச் சுற்றியிருப்பது, பிசின் ஊட்டி அலையலையாக அழுத்தி எடுத்த வட்டத் துணி; இதைத்தான் ஸ்பைடர் என்கிறோம். கஞ்சி போட்டுக் காய்ந்த துணி முதன்முறை உடுத்தும்போது மொடமொடவென்று நின்று, மடிய மடியத் தளர்வதைப் போல, கூம்பு முன்னும் பின்னும் தாராளமாக அசைய அசைய இந்தத் துணியும் இளகுகிறது. அப்படி இளகும்போது வூஃபரின் இயல்பான ஒத்ததிர்வு அதிர்வெண் (அது தானாக எளிதில் அதிரும் அதிர்வெண்) சற்றுக் கீழே இறங்கும். நான் ஒருமுறை புதிய ஆறரை அங்குல வூஃபர் ஒன்றைப் பெட்டியில் பொருத்தாமல் அளந்தபோது 46 ஹெர்ட்ஸ் காட்டியது. ஓர் இரவு முழுவதும் அதைத் தாழ்ந்த அதிர்வெண்ணில் அசையவிட்டு, காலையில் ஆறவைத்து அளந்தால் 41 ஹெர்ட்ஸ். அதன் பிறகு ஒரு வாரம் ஓட்டியும் அந்த எண் குறிப்பிடும்படி நகரவில்லை. மாற்றத்தின் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடுகிறது என்பதுதான் என் அனுபவம்.

5 ஹெர்ட்ஸ் பெரிய மாற்றம்தானே என்று தோன்றலாம். இங்கேதான் ஒலிப் பொறியாளர்கள் நெவில் தீல் 1961இலும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் வகுத்துத் தந்த கணக்கு உதவுகிறது. துணி இளகினால் ஒத்ததிர்வு இறங்கும். அதோடு வூஃபரின் கியூ மதிப்பும் (அதிர்வு எவ்வளவு அடங்காமல் நிற்கும் என்பதன் அளவு) ஏறக்குறைய அதே விகிதத்தில் இறங்கும். துணியின் இளக்கத்துக்குச் சமமான இளக்கம் தரும் காற்றின் கொள்ளளவு கூடும். கூம்பின் எடையும் காந்தத்தின் பலமும் மாறுவதில்லை. எனவே வூஃபரைப் பெட்டிக்குள் பொருத்திய பிறகு இம்மாற்றங்கள் ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்துவிட, நம் காதுக்கு வந்து சேரும் வேறுபாடு மிகச் சிறியதாகிவிடுகிறது. உங்களுடையது போர்ட் உள்ள பெட்டி. போர்ட்டின் சுருதியைத் தீர்மானிப்பவை பெட்டியின் கொள்ளளவும் போர்ட்டின் நீளமும் குறுக்களவும்தான். 100 மணி நேரம் ஓட்டினாலும் அவை மாறப்போவதில்லை. ட்வீட்டரின் அசைவு மிகவும் நுண்ணியது என்பதால், அங்கே இளகுவதற்கும் அதிகம் இல்லை.

ஆகவே ஒரே ஒரு அடி மட்டும் பொங்குவது ஓடஓடச் சரியாகும் குறை அன்று.

இருந்தாலும் நீங்களே சோதித்துப் பார்ப்பதற்கு அருமையான வழி ஒன்று இருக்கிறது. உங்களிடம் ஒரே வார்ப்பில் வந்த இரண்டு ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. இன்று முதல் ஒன்றை மட்டும் ஓட்டுங்கள். மற்றதற்கு ஓய்வு கொடுங்கள். பிங்க் நாய்ஸோ (எல்லா ஸ்தாயியும் கலந்த இரைச்சல்), தாழ் ஒலி நிறைந்த இசையோ, பக்கத்தில் நின்று இருவர் இயல்பாகப் பேச முடிகிற அளவில் நாள் முழுவதும் ஓடட்டும். இடைஞ்சலாக இருந்தால் ஸ்பீக்கர் மேல் தடித்த போர்வையைப் போர்த்தலாம்; ஆம்ப்ளிஃபயரின் காற்றுத் துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள். மூன்று நாள் கழித்து இரண்டையும் அருகருகே வைத்து, மோனோவில் (இரு சேனலையும் ஒன்றாக்கி), ஒரே பாடலை மாற்றி மாற்றிக் கேளுங்கள். பிறகு இரண்டின் இடத்தையும் மாற்றி வைத்து மறுபடியும் கேளுங்கள். எது ஓடியது, எது ஓய்ந்திருந்தது என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது. வேறுபாடு பெரிதாக இருந்தால் அது அப்போது ஒளிந்துகொள்ள முடியாது.

சீக்கிரம் பழக வேண்டும் என்று அலறவிடுவது மட்டும் வேண்டாம். வாய்ஸ் காயிலின் செம்பு ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடுதல் மின்தடை காட்டும். 100 டிகிரி ஏறினால் மின்தடை ஏறக்குறைய 40 சதவீதம் கூடி, ஒலி 3 டெசிபல் வரை குறைந்துவிடும். போதாக்குறைக்கு, 50 வாட் ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தாண்டி அலையின் தலையை வெட்டத் தொடங்கினால் முதலில் கருகுவது ட்வீட்டர்தான்.

நள்ளிரவு வானொலி எழுதியது:

மரத்தூள் சொல்வதைப் பெரிதும் ஏற்கிறேன். ஆனால் என் அனுபவத்தையும் பதிவு செய்யாமல் இருக்க முடியவில்லை. இப்போது என்னிடம் இருக்கும் ஸ்பீக்கர் வந்த முதல் வாரத்தில் வயலினின் மேல் ஸ்தாயியைக் கேட்கவே கூசியது. மூன்றாவது வாரத்தில் அதே பதிவை முழுவதுமாக, எழுந்திருக்க மனமில்லாமல் கேட்டேன். இதற்கு அளவீடு எதுவும் என்னிடம் இல்லை. மாறியது ஸ்பீக்கரா நானா என்று கேட்டால், மாறியது உண்மை என்று மட்டும்தான் சொல்வேன். எனவே முதல் நாள் கேட்டதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

நடைமுறையில் ஒன்று: 100 மணி நேரம் வேண்டும் என்று விற்றவரே சொல்கிறார் என்றால், அந்த 100 மணி நேரம் முடியும்வரை திருப்பித் தரும் அவகாசத்தை நீட்டித்து எழுத்தில் தரும்படி அவரிடமே கேளுங்கள். அது நியாயமான கோரிக்கைதான். முன்பு எனக்கு இப்படி வாய்மொழியாக உறுதி சொன்ன ஒரு கடை, நான் இருபதாம் நாள் போய் நின்றபோது கைவிரித்துவிட்டது.

அலைநீளம் எழுதியது:

மாலைக்கச்சேரி, நீங்கள் விவரித்திருக்கும் மூன்று குறைகளுக்கும் உங்கள் அறையின் அளவிலும் நாற்காலியின் இடத்திலுமே விடை இருப்பதாக நினைக்கிறேன்.

ஒலி ஒரு நொடியில் சுமார் 1130 அடி செல்கிறது. எதிரெதிராக உள்ள இரண்டு சுவர்களுக்கு இடையே நிற்கும் முதல் நிலை அலையின் (சுவர்களில் மோதி மோதி, இடம் நகராமல் நிற்கும் ஒலி அலை) அதிர்வெண்ணை அறிய, அந்த வேகத்தைச் சுவர்களின் இடைவெளியைப் போல இரு மடங்கால் வகுக்க வேண்டும். உங்கள் அறையின் நீளத்துக்கு 1130ஐ 28ஆல் வகுத்தால் 40 ஹெர்ட்ஸ் வருகிறது, அகலத்துக்கு 51, உயரத்துக்கு 56 அல்லது 57. நீளத்தின் இரண்டாம் அலை 80 ஹெர்ட்ஸில் நிற்கிறது. இந்த அலைகள் எல்லாவற்றுக்கும் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடம் சுவர். நீங்கள் நாற்காலியை எதிர்ச் சுவரோடு ஒட்டிப் போட்டிருப்பதால், நீளவாக்கில் எழும் ஒவ்வொரு நிலை அலையின் உச்சத்திலும் உங்கள் காது இருக்கிறது. தொப்பியின் அடி இந்த அதிர்வெண்களில் ஒன்றின் மேல் விழும்போது அறை அதைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது. முனகுவது ஸ்பீக்கர் அன்று, அறைதான்.

குரல் மெலிவதற்குக் காரணம் வேறு. தாழ்ந்த ஸ்வரங்களில் ஒலி ஸ்பீக்கரின் முன்பக்கம் மட்டும் செல்வதில்லை. பெட்டியைச் சுற்றிப் பின்னால் போய், சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. போகவர எடுக்கும் தூரம் அரை அலைநீளமாக அமையும் அதிர்வெண்ணில், திரும்பி வரும் ஒலி நேரே வரும் ஒலியை எதிர்த்துக் கழித்துவிடும். 1130ஐ, சுவருக்கும் ஸ்பீக்கரின் முகத்துக்கும் உள்ள தூரத்தைப் போல நான்கு மடங்கால் வகுத்தால் அந்த இடம் தெரியும். உங்களுக்கு 2 அடி என்றால் 141 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் அடித்தளம் இருக்கும் பகுதி அது. பக்கச் சுவரும் அதே 2 அடியில் இருப்பதால் அதன் பிரதிபலிப்பும் அருகிலேயே தன் பங்குக்குப் பள்ளம் தோண்டுகிறது. இரண்டு தூரங்களும் சமமாக இருக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

நான் செய்து பார்க்கச் சொல்வது இது. ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து 3 அடி முன்னே வரட்டும். பள்ளம் 94 ஹெர்ட்ஸுக்கு இறங்கிக் குரலை விட்டு விலகும். பக்கச் சுவரிலிருந்து இரண்டரை அடி விடுங்கள். அப்போது இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையே 6 அடி இருக்கும். நாற்காலியை முதுகுப்பக்கச் சுவரிலிருந்து சுமார் ஐந்தேகால் அடி முன்னே இழுங்கள். அறை நீளத்தில் 38 சதவீதம் என்று பலரும் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளும் இடம் அது. அறையின் சரிபாதியில் மட்டும் உட்காராதீர்கள். அங்கே 40 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய காணாமல் போகும். இப்படி வைத்தால் ஒவ்வொரு ஸ்பீக்கரும் உங்களிடமிருந்து ஆறரை அடி தூரத்தில், கிட்டத்தட்ட சமபக்க முக்கோணமாக அமையும். ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கட்டும். அதன் பிறகு அங்குலம் அங்குலமாக நகர்த்திக் கேட்கலாம்.

மேல் ஸ்தாயி குத்துவது வெறும் தரையாலும் பக்கச் சுவர்களாலும் இருக்கக்கூடும். தடித்த விரிப்பு ஒன்று போதுமான மாற்றத்தைத் தரும். அலமாரி இல்லாத பக்கச் சுவரில், ஒருவர் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்த, நாற்காலியில் அமர்ந்தபடி ட்வீட்டர் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். ஒலி பட்டுத் திரும்பும் முதல் இடம் அதுதான். அங்கே சில அங்குலத் தடிமனுள்ள உறிஞ்சு பலகை வைக்கலாம். மெல்லிய திரைச்சீலை பேஸை, அதாவது தாழ் ஒலியை, ஒன்றும் செய்யாது.

நள்ளிரவு வானொலி நேர்மையாகக் கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை. கேட்பவர் பழகுவதும் உண்மையான மாற்றம்தான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், கேட்பவர்கள் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது கொடுத்த மதிப்பெண்களும், திரைக்கு மறைவில் வைத்துக் கேட்டபோது கொடுத்தவையும் வேறுபட்டன. பார்வை நம் செவியை அந்த அளவுக்கு அசைக்கிறது. சத்த அளவும் அப்படித்தான்: செவிப்புலன் ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே காட்டியபடி, மெதுவாகக் கேட்கும்போது தாழ் ஸ்வரங்கள் நம் காதுக்கு அதிகமாகக் குறைந்து கேட்கும். இரவில் மெதுவாகவும் பகலில் சத்தமாகவும் கேட்டுவிட்டு ஸ்பீக்கர் மாறிவிட்டது என்று சொல்வது எளிது.

கடைசியாக, பெரிய ஸ்பீக்கர் பற்றி. இந்த அறையில் ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்பதைப் பெரும்பாலும் அறைதான் தீர்மானிக்கிறது. கடையில் நீங்கள் கேட்ட பேஸ் அந்தக் கடை அறையினுடையது, குரல்தான் ஸ்பீக்கரினுடையது. அந்தக் குரலை நம்பி வாங்கியது சரியான முடிவு என்பேன். கீழே இன்னும் ஆழமாக இறங்கும் பெரிய ஸ்பீக்கரை இதே இடத்தில் வைத்தால் அந்த 40 ஹெர்ட்ஸை இன்னும் பலமாகத் தட்டி எழுப்புவீர்கள். சத்தமும் போதும்: ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 86 டெசிபல்; ஆறரை அடி என்பது சுமார் 2 மீட்டர், அதற்கு 6 குறைகிறது; 50 வாட்டுக்கு 17 கூடுகிறது; இரண்டு ஸ்பீக்கருக்கு இன்னும் 3. ஆக 100 டெசிபல் உச்சம் கிடைக்கும். வீட்டுக்கு இதற்கு மேல் தேவையில்லை.

மாலைக்கச்சேரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆறு நாள் கழித்து எழுதுகிறேன்.

முதலில் மரத்தூள் சொன்ன சோதனை. வலது ஸ்பீக்கரை மட்டும் மூன்று நாள், கணக்குப் பார்த்தால் 42 மணி நேரம் ஓட்டினேன். பிறகு இரண்டையும் அருகருகே வைத்து, தம்பியை எனக்குப் பின்னால் நின்று மாற்றச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பத்து முறையில் ஆறு முறை சரியாகச் சொன்னேன். ஊகித்தாலே ஐந்து வரும். தாழ் ஸ்வரத்தில் ஓடிய ஸ்பீக்கர் ஒரு துளி தாராளமாக இருப்பதாக எனக்குப் பட்டது. இடத்தை மாற்றி வைத்தபோது அந்த எண்ணமும் உறுதியாக நிற்கவில்லை.

அதன் பிறகு அலைநீளம் சொன்னபடி நாற்காலியை இழுத்தேன். இழுத்துக்கொண்டிருந்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்து மூன்றடி வந்ததும் அந்தப் பொங்கல் பாதியாகிவிட்டதை நின்றபடியே உணர்ந்தேன். ஸ்பீக்கர்களையும் முன்னே கொண்டுவந்து, விரிப்பைப் போட்டு உட்கார்ந்தால், குரலுக்கு நெஞ்சு வந்துவிட்டது. தம்பூரா குரலுக்குப் பின்னால் தனியாக விரிந்து நிற்கிறது. முன்பு அது குரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடையில் கேட்டதும் இதைத்தான்.

தொப்பியின் அந்த ஒரு அடி இன்னும் முழுவதும் அடங்கவில்லை. முன்பு அடுத்த சொல்லை விழுங்கியது. இப்போது அடுத்த சொல் கேட்கிறது, அதன் அடியில் இலேசாக ஒரு நிழல் மட்டும் ஓடுகிறது. கடையிலிருந்து அவகாச நீட்டிப்பும் எழுத்தில் கிடைத்தது. ஆனால் ஸ்பீக்கர்களை வைத்துக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டேன். பெட்டியோடு வந்த இரண்டு ஸ்பாஞ்சு அடைப்புகள் இருக்கின்றன. அவற்றைப் போர்ட்டில் செருகினால் மிச்சமும் குறையுமா?

மரத்தூள் எழுதியது:

குறையும், செருகிப் பாருங்கள். போர்ட்டை நன்றாக அடைத்தால் பெட்டி மூடிய பெட்டியைப் போல நடந்துகொள்ளும். பேஸ் முன்பைவிட மேலேயே இறங்கத் தொடங்கும். ஆனால் ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபல் என்ற செங்குத்துச் சரிவாக இல்லாமல், ஏறக்குறைய 12 டெசிபல் என்று மெதுவாக இறங்கும். உங்கள் அறை 40 ஹெர்ட்ஸில் தானாகவே கூட்டிக் கொடுப்பதால் அந்த இழப்பு உறுத்தாது. இரண்டையும் ஒரே சமயத்தில் அடைக்க வேண்டும் என்பதில்லை. ஏதாவது ஒரு ஸ்பீக்கரில் முதலில் செருகி, அதே மிருதங்கத் தனியைக் கேளுங்கள். ஓய்ந்திருந்த இடது ஸ்பீக்கரையும் ஓர் இரவு ஓடவிட்டு விடுங்கள்.